ஆம்புலன்ஸ் வருமுன்: பெருகும் இரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்வோம்

விபத்தில் காயமுற்ற ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவரப்படும்போது, காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே உடன் வந்தவரின் கைகளை நாங்கள் பார்ப்பதுண்டு. அந்தக் கைகள் காயத்தின் மீது அழுந்தியிருந்தால், எங்கள் வேலையில் பாதியை அவர் வழியிலேயே முடித்துவிட்டார் என்று பொருள். சில வேளைகளில் அவை தோளைத் தாங்கிக்கொண்டிருக்கும்; அல்லது தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும். காயத்தின் மேல் ஒரு துண்டு மட்டும் தளர்வாகச் சுற்றப்பட்டு நனைந்துபோயிருக்கும். அவர் அன்பில் எந்தக் குறையும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

நம் உடலில், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 70 மில்லி இரத்தம் ஓடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தம் 4 லிட்டருக்குச் சற்று அதிகம். இரத்ததான முகாமில் 350 மில்லி கொடுத்துவிட்டுப் பழச்சாறு அருந்தி எழுந்து செல்கிறோம். அந்த அளவு இழப்பை உடல் தானே ஈடுசெய்துகொள்ளும். இழப்பு மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது இரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது. ஐந்தில் இரண்டு பங்கு வெளியேறினால் உயிருக்கே ஆபத்து. தொடையின் பெருந்தமனி அறுபட்டவருக்கு அந்த நிலை வரச் சில நிமிடங்களே போதும். குழந்தைகளின் கணக்கு இன்னும் கடுமையானது. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 800 மில்லிதான். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அது நிரப்பாது.

இந்த நிமிடக் கணக்கின் அருகே நம் ஊரின் தொலைவுக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கோயம்புத்தூர் 80 கிலோமீட்டர். மூலனூர், குண்டடம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளிலிருந்து தாராபுரம் வந்து சேரவே நேரமாகும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 சேவை இயங்கி வருகிறது; அதன் பயனை நாள்தோறும் நாங்கள் காண்கிறோம். எனினும் எவ்வளவு விரைவான வண்டிக்கும் சாலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்த இடைவெளியில் காயமுற்றவருக்கு மருத்துவர், செவிலியர் எல்லாம் அருகில் நிற்பவரே. அவர் செய்யத் தவறியதை, பின்னர் எந்த அறுவை அரங்கிலும் முழுமையாகச் செய்துவிட முடியாது.

இரத்தம் எவ்வாறு நிற்கிறது

இரத்தக் குழாய் அறுபட்டவுடன் அது முதலில் சுருங்குகிறது. பின்னர் தட்டணுக்கள் எனப்படும் நுண்ணிய துணுக்குகள் அறுபட்ட வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைக்கின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்னும் புரதம் நூல் நூலாகப் படர்ந்து வலை பின்னுகிறது. நூலும் துணியுமாக வாழும் இவ்வட்டாரத்தினருக்கு இதைப் புரியவைப்பது எளிது: ஓடும் நீரில் எவராலும் துணி நெய்ய முடியாது. ஓட்டம் நின்றால்தான் வலை உருவாகும். உருவாகச் சில நிமிடங்கள் தேவை. கையால் அழுத்துவது அந்த ஓட்டத்தை நிறுத்தி, உடலுக்கு அந்த நிமிடங்களை வாங்கித் தருகிறது. இடையில் "நின்றுவிட்டதா" என்று துணியைத் தூக்கிப் பார்த்தால், பாதி பின்னிய வலை துணியோடு கிழிந்து வந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் இன்னும் சிறிது இரத்தம் போயிருக்கும்.

எல்லாக் காயமும் இத்தகைய ஆபத்தானது அன்று. காய்கறி நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு தானாகவே நிற்கும். இரத்தம் பீறிட்டு அடித்தாலும், விடாமல் ஒழுகித் தரையில் தேங்கினாலும், சுற்றிய துணி உடனுக்குடன் நனைந்தாலும் அது உயிராபத்தான இரத்தப்போக்கு. காயமுற்றவர் வெளிறி, வியர்த்து, கைகால் சில்லிட்டு, பேச்சுக் குழறினால் காலம் ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கிறது என்று அறிய வேண்டும்.

அழுத்த வேண்டியது எங்கே, எவ்வளவு

முதலில் நீங்கள் நிற்கும் இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா என்று பாருங்கள். சாலையாயின் வரும் வண்டிகளைக் கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். 108-ஐ அழைக்கும் வேலையை "யாராவது கூப்பிடுங்கள்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒருவரைச் சுட்டி அவரிடம் ஒப்படையுங்கள். எந்தச் சாலை, எந்த ஊர் எல்லை, அருகில் என்ன அடையாளம், இரத்தம் நிற்காமல் போகிறது என்னும் செய்தி ஆகிய நான்கும் சொல்லப்பட வேண்டும். தனியாக இருந்தால் ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசியைத் தரையில் வைத்துவிட்டுப் பேசலாம். கைகள் இரண்டும் காயத்துக்குத் தேவை.

பிறகு காயத்தைக் கண்ணால் காண வேண்டும். கால்சட்டையோ சேலையோ காயத்தை மறைத்தால் கிழித்தோ வெட்டியோ விலக்குங்கள். இரத்தம் வெள்ளமாகத் தெரிந்தாலும் அது வெளிவரும் புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதே பாதி வெற்றி. அதன்மேல் மடித்த துணியை வைத்து, ஒரு உள்ளங்கையின் மேல் மற்றொன்றை வைத்து, முழங்கைகளை மடக்காமல், உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். காயமுற்றவர் கட்டிலிலோ மெத்தையிலோ இருந்தால் அழுத்தம் மெத்தைக்குள் போய்விடும். கடினமான தரையில் படுக்க வையுங்கள். அவருக்கு வலிக்கும். வலிக்கிறது என்று கத்துவார். விட்டுவிடாதீர்கள், மென்மையாக அழுத்துவது அழுத்தாமல் இருப்பதற்குச் சமம்.

துணி நனைந்து மேலே வந்தால் அதன்மேல் இன்னொரு துணியை வைக்கலாம். ஆனால் துணியின் எண்ணிக்கை இரத்தத்தை நிறுத்துவதில்லை, விசையே நிறுத்துகிறது. ஐந்தாறு துண்டுகளைச் சுருட்டிக் கட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்ட காயங்களைப் பார்த்திருக்கிறோம். அந்தத் துண்டுகள் இரத்தத்தை உறிஞ்சி மறைத்தனவேயன்றி நிறுத்தவில்லை. குறைந்தது 10 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, விடாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் அதற்கு மேலும் தாமதமானால் அது வரும்வரை தொடருங்கள். கை சோர்ந்தால் அடுத்தவர் உங்கள் கையின் மேல் தம் கையை வைத்து அழுத்தத் தொடங்கிய பிறகே உங்கள் கையை உருவ வேண்டும்.

உங்கள் கையில் ஒரு கேரி பையையோ பால் கவரையோ உறைபோல் மாட்டிக்கொள்வது நல்லது. மற்றவர் இரத்தம் பட்டால் பின்னர் சோப்பிட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தாலோ இரத்தம் கண்ணில் தெறித்தாலோ எங்களிடம் சொல்லுங்கள், தேவையான பரிசோதனையும் தடுப்பு மருந்தும் உண்டு.

இனி, காயத்தின் மேல் வைக்கக் கூடாதவை பற்றி. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சிலந்தி வலை, அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய் ஆகிய அனைத்தையும் எங்கள் அவசரப் பிரிவு கண்டிருக்கிறது. காப்பித்தூளுக்கு இருக்கும் செல்வாக்கு எங்களுக்கு வியப்பளிக்கிறது. சிறு காயத்தில் தூளைப் போட்டதும் இரத்தம் நின்றதாகத் தோன்றுவது உண்மை. அந்தக் காயம் தூள் போடாவிட்டாலும் நின்றிருக்கும். பீறிடும் தமனியின் முன்னே எந்தத் தூளும் நிற்காது. அடித்துச் செல்லப்படாமல் எஞ்சியதைக் கழுவி எடுக்கவே நாங்கள் அரைமணி நேரம் செலவிட நேரிடும். தூய துணி கிடைத்தால் நலம். கிடைக்காவிட்டால் இருப்பதைக் கொண்டு அழுத்துங்கள். அழுக்கால் வரும் தொற்றுக்குப் பின்னர் மருந்து கொடுக்கலாம். போன உயிருக்கு மருந்தில்லை.

கண்ணாடித் துண்டோ கம்பியோ உடலில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அது குத்திய குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அதன் இருபுறமும் துணியைச் சுருட்டி வைத்து, அசையாமல் பிடித்து, ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள்.

தொடை இடுக்கு, அக்குள், தோள்பட்டை போன்ற இடங்களில் காயம் ஆழமாக இருந்தால் மேலிருந்து அழுத்துவது உள்ளே எட்டாது. அங்கே துணியைக் காயத்துக்குள் திணிக்க வேண்டும். படிக்கவே கூசும் செயல். எனினும் உயிரைக் காப்பது. நீளமான துணியின் ஒரு முனையை இரத்தம் வரும் ஆழத்தில் விரலால் வைத்து, மேலும் மேலும் உள்ளே திணித்து, குழி நிரம்பிய பின் அதன்மேல் இரு கைகளாலும் அழுத்துங்கள். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இவ்வாறு திணிக்கக் கூடாது. கழுத்துக் காயத்தில் மூச்சுக்குழாய் நெரியாதபடி, இரத்தம் வரும் பக்கத்தில் மட்டும் விரல்களால் அழுத்த வேண்டும்.

இறுக்கிக் கட்டுதல்

கை அல்லது காலில் அழுத்தியும் நிற்காத இரத்தத்துக்கும், உறுப்பு துண்டாகிவிட்ட நிலைக்கும் டூர்னிகே எனப்படும் இறுக்குக்கட்டு தேவை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெட்டி 1718-இல் திருகாணி பொருத்திய கட்டு ஒன்றை உருவாக்கினார். திருகுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது. உலகப் போர்களில் காயமுற்றோர் மணிக்கணக்கில் கட்டோடு கிடந்து கைகால் இழந்ததால், "கட்டினால் கால் போய்விடும்" என்ற அச்சம் மருத்துவ உலகில் நெடுநாள் நிலைத்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவம் அக்கருத்தை மாற்றியது. உடல் தளர்ந்து மயங்கும் முன்பே கட்டப்பட்டவர்கள் பெருமளவில் பிழைத்தனர்; இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் உறுப்புக்கு நிலையான கேடு வருவது அரிது என்றும் தெளிவாயிற்று. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அறுவை மருத்துவர்கள் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடி, போர்க்களத்தில் கற்ற இப்பாடத்தைப் பொதுமக்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தனர். 2015-இல் அது "ஸ்டாப் த பிளீட்" என்னும் இயக்கமாகத் தொடங்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு நமக்கு அயலானது. சாலையும் இயந்திரமும் அரிவாளும் அயலானவை அல்ல.

கட்டும் முறை இது. காயத்துக்கு மேலே, அதாவது காயத்துக்கும் நெஞ்சுக்கும் இடையே, நான்கு விரல் அகலம் தள்ளி, கைகாலைச் சுற்றித் துணியைக் கட்டுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் வேண்டாம். காயம் எங்கே என்று தெரியாதபடி இருட்டாக இருந்தால் தொடையின் அல்லது மேற்கையின் உச்சியில் கட்டிவிடலாம். ஒரு முடிச்சின் மேல் உறுதியான குச்சி ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சிட்டு, இரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகுங்கள். நின்றதும் குச்சி திரும்பாதபடி அதைக் கட்டிவையுங்கள். கட்டிய நேரத்தைக் காயமுற்றவரின் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். அரைகுறையாக இறுக்கிய கட்டு கட்டாமல் விட்டதைவிடக் கேடு: சிரைகள் அடைபட்டுத் தமனி திறந்திருப்பதால் இரத்தப்போக்கு மிகும். ஒருமுறை இறுக்கியதை "சற்றுத் தளர்த்திவிடலாம்" என்று எவர் சொன்னாலும் தளர்த்தக் கூடாது, அவ்வேலை மருத்துவமனையினுடையது.

எந்தத் துணி? பனியன் துணிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. காயத்தில் அழுத்தவும் திணிக்கவும் அது மிக நன்று; நன்றாக உறிஞ்சும், வளைந்து கொடுக்கும். குச்சி வைத்துத் திருகும் கட்டுக்கு மட்டும் அது ஏற்றதன்று, ஏனெனில் பின்னலாடை இழுபடும். திருகத் திருக நீளும். அதற்குத் தறியில் நெய்த துண்டு, வேட்டிக் கிழிசல், துப்பட்டா ஆகியவை வேண்டும். இரண்டு விரற்கடை அகலமாவது இருக்கட்டும். கயிறு, ஒயர், செருப்பு வார் ஆகியவை தசையையும் நரம்பையும் அறுத்துவிடும். பேனாவும் பென்சிலும் திருகும்போது ஒடிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் தேவை. பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டக் கூடாது. பல ஆண்டுகளாக அதை நாங்கள் சொல்லி வருகிறோம். இன்றும் கயிற்றால் கட்டப்பட்டு நீலம் பாரித்த கால்களோடு வருவோர் உண்டு. விஷத்தைத் தடுக்கக் கட்டு உதவாது, கெடுதலே செய்யும். பீறிடும் இரத்தத்துக்குக் கட்டு. பாம்புக்கடிக்குக் கட்டே கிடையாது. நம் மக்கள் பழக்கம் இதற்கு நேர் எதிராக அமைந்திருப்பது எங்கள் நீங்காத கவலை.

தொழிற்கூடத்தில்

துணி வெட்டும் இயந்திரம், தறி, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரம், ரோட்டவேட்டர் எதுவாயினும், கை சிக்கினால் முதலில் மின்சாரத்தையோ எஞ்சினையோ நிறுத்துங்கள். பதற்றத்தில் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுற்றி விடுவிக்க முயல வேண்டாம். அது இரண்டாவது முறை நசுக்கும். சிக்கிய உறுப்புக்கு மேலே கட்டுப் போட முடிந்தால் விடுவிக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

விரல் துண்டானால் முதல் கவனம் ஆளுக்கு, விரலுக்கு அன்று. இரத்தத்தை நிறுத்திய பின் விரலைத் தேடி எடுங்கள். அதைத் தூய ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் உள்ள வேறொரு பைக்குள் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். பனிக்கட்டி நேராக விரலில் பட்டால் திசு உறைந்து அழிந்துவிடும். தண்ணீருக்குள் போட்டால் ஊறிக் கெடும். எல்லா விரலையும் மீண்டும் பொருத்த இயலாது. பொருத்த இயலுமா என்று முடிவு செய்யும் வாய்ப்பையாவது அறுவை மருத்துவருக்குக் கொடுங்கள்.

கைக்கு எட்டாத இரத்தம்

மார்பு, வயிறு, இடுப்பெலும்பு ஆகியவற்றுக்குள் கசியும் இரத்தத்தையும், மகப்பேற்றுக்குப் பின் நிற்காத உதிரப்போக்கையும் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. அங்கே செய்யக்கூடியது விரைவு ஒன்றே. காயமுற்றவரைப் படுக்க வைத்துப் போர்த்துங்கள். பங்குனி வெயிலிலும் போர்வையா என்று கேட்பீர்கள். இரத்தம் இழந்த உடல் வெயிலிலும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த இரத்தம் உறையாது. தாகம் என்று கேட்டாலும் தண்ணீர், சோடா, தேநீர் எதுவும் கொடுக்காதீர்கள். இது உறவினர்களுக்கு மிகக் கொடுமையாகத் தோன்றும் அறிவுரை. வயிற்றில் நீர் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகக்கூடும். உதட்டை நனைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரைவைப் பற்றி ஒரு செய்தி. டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தை 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர் உட்டாகோ ஒக்காமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்தனர். இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, அம்மருந்து இரத்தப்போக்கால் நேரும் மரணத்தைக் குறைப்பதைக் காட்டியது. காயமுற்ற மூன்று மணி நேரத்துக்குள் ஊசியாகக் கொடுத்தால்தான் பயன். முதல் மணி நேரத்தில் மிகுந்த பயன். விலை மலிவான மருந்து. ஊரிலேயே "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவோருக்கு அதைக் கொடுக்க எங்களால் இயலாது.

எங்கள் நோயாளிகள் சிலருக்குத் தனியாக

இதய வால்வுக்கோ, அடைப்புக்கோ, பக்கவாதத்துக்கோ வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இரத்தம் உறைய அதிக நேரமாகும். மற்றவருக்கு 10 நிமிடம் என்றால் உங்களுக்கு இருமடங்கு அழுத்தம் தேவைப்படலாம். மாத்திரைப் பெயர் எழுதிய சீட்டைப் பணப்பையில் வைத்திருங்கள். மயங்கிவிட்டால் அது உங்களுக்காகப் பேசும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரின் கையில் உள்ள ஃபிஸ்டுலா, தமனியின் வேகத்தோடு இரத்தம் ஓடும் இடம். அது கசியத் தொடங்கினால் பெரிய துண்டைச் சுற்றுவது தவறு. அழுத்தம் பரவி வீணாகும். சிறிதாக மடித்த துணியை ஊசி குத்திய துளையின் மேல் வைத்து, இரண்டு விரல்களால் அந்த ஒரு புள்ளியை மட்டும் பலமாக அழுத்தி, கையை உயர்த்தி, உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அனைவரும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உட்பட, அந்தப் புள்ளி எது என்று ஒருமுறை பார்த்து வைத்திருக்க வேண்டும்.

தறியிலும் பனியன் கம்பெனியிலும் நாள் முழுதும் நின்று வேலை செய்து, காலில் வெரிகோஸ் எனப்படும் நரம்புச் சுருட்டு உடையோர் பலர் எங்களிடம் வருகின்றனர். அது ஒருநாள் குளிக்கும்போது வலியேதும் இன்றி வெடிக்கக்கூடும். வலி இல்லாததால் சிலர் அதை அலட்சியம் செய்வர். சிலர் பதறி எழுந்து ஓடுவர். நிற்க நிற்க இரத்தம் மிகும். அங்கேயே படுத்து, காலைச் சுவரில் உயர்த்தி வைத்து, விரலால் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்கு இறுக்குக்கட்டு வேண்டாம்.

உதவினால் வழக்கு வருமா?

இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி இரவில் நடந்து செல்லும் பக்தர்கள் நம் ஊர்ச் சாலைகளை நிறைக்கும் நாட்களில் இது இன்னும் முக்கியமானது. சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. பெயரைச் சொல்லுமாறு அவரை வற்புறுத்தவும் முடியாது. காயமுற்றவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் போகலாம். கட்டிய நேரத்தை மட்டும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பணம் கட்ட நேருமோ என்ற தயக்கமும் வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதோருக்கும், வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தோருக்கும் அது பொருந்தும்.

வீட்டில் பழகிப் பார்க்க

படித்தது கைக்கு வரப் பயிற்சி வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டித் தரையில் வைத்து, மேலே சொன்னபடி 10 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அழுத்துங்கள். மூன்றாம் நிமிடத்திலேயே தோள் வலிக்கும். அடுத்தவர் கைமாற்றிக்கொள்வது எப்படி என்பதும் அப்போதுதான் விளங்கும். பழைய மெத்தைப் பஞ்சில் ஒரு துளையிட்டுத் துணியைத் திணித்துப் பாருங்கள். எவ்வளவு துணி உள்ளே போகிறது என்பது உங்களை வியக்க வைக்கும். சுருட்டிய கோரைப்பாயின் மேல் துண்டும் குச்சியும் கொண்டு கட்டிப் பழகலாம். ஒருவர் காலில் கட்டிப் பார்ப்பதானால் முழுதாக இறுக்க வேண்டாம்.

இருசக்கர வண்டியின் பெட்டியில் நெய்த துண்டு இரண்டு, ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சி, கத்தரிக்கோல், எழுதும் மார்க்கர், இரண்டு பிளாஸ்டிக் பைகள் இருந்தால் போதும். தொழிற்சாலைகளில் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும், அது வேலை நேரம் முழுவதும் உடனே கைக்கெட்ட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45-ஆம் பிரிவில் வகுத்தது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, பூட்டியிருந்தால் இரவு ஷிஃப்டில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே பிளாஸ்திரியைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று நாளை வேலைக்குச் செல்லும்போது கேட்டுப் பாருங்கள்.